540 மாணவர்கள், ஒரே ஒரு டெக்னீஷியன்: திட்டத்தை எங்கே தொடங்குவது?

கேள்வி: அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் ஒரு சிற்றூரில் குடியிருக்கிறோம். எங்கள் ஸ்கூல் டிஸ்ட்ரிக்டில், அதாவது இந்த வட்டாரப் பள்ளிகளின் நிர்வாகப் பிரிவில், மூன்றே பள்ளிகள்தான்: ஒரு தொடக்கப்பள்ளி, ஒரு நடுநிலைப்பள்ளி, ஒரு உயர்நிலைப்பள்ளி. மொத்தம் 540 மாணவர்கள். என் பிள்ளைகள் இருவரும் அங்கேதான் படிக்கிறார்கள். நான் மென்பொருள் பொறியாளர் என்பதால் தொழில்நுட்பக் குழுவுக்கு என்னைத் தலைவராக்கிவிட்டார்கள். கோவிட் காலத்து மத்திய அரசுப் பணத்தில் வாங்கிய குரோம்புக் மடிக்கணினிகள் ஒவ்வொன்றாகப் பழுதாகி வருகின்றன. அந்தப் பணமும் தீர்ந்துவிட்டது. மூன்று பள்ளிக்கும் சேர்த்து ஒரே டெக்னீஷியன். ஆசிரியர்களில் ஒரு சாரார் இன்னும் கருவிகள் கேட்கிறார்கள், மற்றவர்கள் இருப்பதையே எடுத்துவிடச் சொல்கிறார்கள். இதற்கிடையே ஒரு நிறுவனம் எல்லா வகுப்பறைக்கும் பெரிய தொடுதிரைப் பலகை தருவதாகச் சொல்கிறது. ஐந்தாண்டுத் திட்டத்தையே இலவசமாக எழுதித் தரவும் முன்வந்திருக்கிறது. வசந்த காலத்துக்குள், டிஸ்ட்ரிக்டின் முடிவுகளை எடுக்கும் ஸ்கூல் போர்டு முன் திட்டத்தை வைக்க வேண்டும். எங்கே தொடங்குவது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். திட்டத்தை இலவசமாக எழுதித் தருகிறோம் என்ற நிறுவனத்துக்கு, நன்றி, வேண்டாம் என்று இந்த வாரமே எழுத்தில் பதில் அனுப்பிவிடுங்கள். அவர்கள் நல்லவர்களாகவே இருக்கலாம். ஆனாலும் வேண்டாம்.

காரணம் ஈ-ரேட். உங்களைப் போன்ற சின்ன டிஸ்ட்ரிக்டின் தொழில்நுட்பச் செலவுக்கு ஆண்டுதோறும் நம்பி இருக்கக்கூடிய பெரிய வெளிப்பணம் அதுதான். 1996-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்திலிருந்து பிறந்த திட்டம். பள்ளிக்கு வரும் இணைய இணைப்புக்கும், பள்ளிக்குள் ஓடும் கேபிள், சுவிட்ச், வைஃபை கருவிகளுக்கும் ஆகும் செலவில் கணிசமான பங்கைத் தள்ளுபடியாகத் தருகிறது. இணைப்புக்கு 20 முதல் 90 சதவீதம் வரை, உள்கட்டமைப்புக்கு அதிகபட்சம் 85 சதவீதம். எவ்வளவு கிடைக்கும் என்பதை உங்கள் மாணவர்களின் குடும்ப வருமான நிலையும், பகுதி கிராமப்புறமா என்பதும் தீர்மானிக்கும். இந்தப் பணத்துக்கு அடிப்படை நிபந்தனை திறந்த போட்டி. என்ன தேவை என்று அறிவிக்கும் படிவம் 470-ஐ வெளியிட்டு, குறைந்தது 28 நாள் காத்திருந்து, வரும் விலைப்புள்ளிகளை ஒப்பிட்டு, எல்லா அளவுகோலிலும் விலைக்கே அதிக எடை கொடுத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். விற்க வருபவரே உங்கள் தேவையை எழுதிக் கொடுத்தார் என்று பின்னால் தெரிந்தால், விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். வாங்கிய பணத்தைத் திருப்பிக் கேட்கவும் செய்வார்கள். ஒரு விற்பனையாளரிடம் வாங்கும் அன்பளிப்புக்குக்கூட ஒரு தடவைக்கு 20 டாலர், ஆண்டுக்கு 50 டாலர் என்று வரம்பு உண்டு.

தொடுதிரைப் பலகைக்கு ஈ-ரேட் பணம் கிடையாது, அது உண்மை. ஆனால் அதே நிறுவனம் அடுத்த ஆண்டு வைஃபைக்கும் விலைப்புள்ளி கொடுத்தால் அன்றைக்கு அவர்கள் எழுதிய திட்டம் உங்களுக்கு எதிரான சான்றாகிவிடும். லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி டிஸ்ட்ரிக்டின் கதை உங்களுக்கு நினைவிருக்கலாம். 2013-ல் எல்லா மாணவருக்கும் ஐபேட் தரும் 1.3 பில்லியன் டாலர் திட்டத்தைத் தொடங்கினார்கள். சில வாரங்களிலேயே உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் பாதுகாப்புத் தடைகளைத் தாண்டிவிட்டார்கள். பிறகு, விலைப்புள்ளி கேட்பதற்கு முன்பே அதிகாரிகளும் விற்கும் நிறுவனங்களும் பேசிக்கொண்ட மின்னஞ்சல்கள் வெளியாகி, 2014 ஆகஸ்டில் ஒப்பந்தம் நிறுத்தப்பட்டது. அத்தனை பெரிய டிஸ்ட்ரிக்ட் அடி வாங்கிக்கொண்டு எழுந்துவிட்டது. 540 மாணவர்கள் உள்ள இடத்தில் அதில் நூறில் ஒரு பங்கு சிக்கல் வந்தாலும் இரண்டு ஆசிரியர் பணியிடம் போய்விடும்.

பலகைகளைப் பற்றி ஆசிரியர்களுக்கு உண்மையிலேயே ஆர்வம் இருந்தால், தாமாக முன்வரும் மூன்று பேரின் வகுப்பில் ஒரு முழுக் கல்வியாண்டு வைத்துப் பாருங்கள். ஆண்டு முடிவில் அந்த மூவரும் போர்டு முன் வந்து பேசட்டும். சலுகை இந்த மாதத்தோடு முடிகிறது என்று விற்பனையாளர் சொன்னால் முடியட்டும். அடுத்த ஆண்டும் ஒரு சலுகை வரும்.

சரி, இனி உங்கள் கேள்வி. தொடங்க வேண்டிய இடம் அந்த ஒரே டெக்னீஷியன்.

பல ஆண்டுகளாகச் சின்ன டிஸ்ட்ரிக்டுகளோடு வேலை செய்து நான் உறுதியாக நம்புவது இது: ஒரு டிஸ்ட்ரிக்ட் எவ்வளவு தொழில்நுட்பம் வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு எல்லை, அதைப் பராமரிக்க எத்தனை கைகள் இருக்கின்றன என்பதுதான். வாங்கப் பணம் எப்படியாவது கிடைத்துவிடும். மானியம் வரும், நன்கொடை வரும், நெருக்கடி காலத்தில் வாஷிங்டனிலிருந்துகூட வரும். 2020 மார்ச்சிலிருந்து ஓராண்டுக்குள் மூன்று சட்டங்கள் வழியாகப் பள்ளிகளுக்கு ஏறத்தாழ 190 பில்லியன் டாலர் வந்தது. அதன் கடைசித் தவணையைச் செலவுக்கு ஒதுக்கும் கெடு 2024 செப்டம்பர் 30-ல் முடிந்தது. அந்தப் பணத்தில் கருவிகள் வாங்கியவர்கள் ஏராளம். அவற்றைப் பழுதுபார்க்க நிரந்தரமாக ஓர் ஆளை வைக்க அதே பணத்தால் முடியவில்லை, ஏனென்றால் நின்றுபோகும் பணத்தில் நிரந்தரச் சம்பளம் கொடுக்க முடியாது. நீங்கள் எழுதியிருக்கும் நிலைமைக்கு மூலகாரணம் இதுவே.

ஆகவே குழுவின் முதல் வேலையாக, நான்கு வாரத்துக்கு அவருடைய நேரம் எங்கே போகிறது என்று குறித்து வைக்கச் சொல்லுங்கள். கண்காணிப்பதற்காக இல்லை என்று அவரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். டிஸ்ட்ரிக்டின் தலைமை அதிகாரியான சூப்பரின்டென்டென்டும் உடன் இருந்து சொல்வது நல்லது. உடைந்த திரை, தொலைந்த சார்ஜர், மறந்த பாஸ்வேர்டு, வேலை செய்யாத பிரின்டர், தேர்வு நாளில் விழுந்த வைஃபை, ஆசிரியர் புதிதாகக் கண்டுபிடித்த ஆப்பை மாணவர் பட்டியலோடு இணைப்பது என்று எல்லாம் அதில் வரும். இந்தக் குறிப்பு கையில் இருந்தால் குழுவில் பாதி விவாதம் தானாக அடங்கும். பிரின்டர்கள் அவருடைய வாரத்தில் ஒரு நாளைத் தின்கின்றன என்று தெரிந்தால், வகுப்புக்கு ஒரு பிரின்டர் என்ற ஏற்பாட்டை எடுத்துவிட்டுத் தாழ்வாரத்துக்கு ஒன்று என்று வைப்பதே உங்கள் திட்டத்தின் மிகப் பயனுள்ள வரியாக இருக்கலாம். ஒரு பைசா செலவில்லாமல் வாரத்துக்கு ஒரு நாள் மீள்கிறது.

அப்புறம் யாரும் கேட்கத் தயங்கும் ஒரு கேள்வி: அவர் நாளைக்கு வேலையை விட்டுப் போனால்? சின்ன இடங்களில் எல்லாத் தகவலும் ஒருவர் தலைக்குள்தான் இருக்கும். டிஸ்ட்ரிக்டின் இணையதளப் பெயர் யாருடைய மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். எப்போதோ ஓய்வுபெற்றவரின் சொந்த முகவரியில் இருப்பது மிகச் சாதாரணம். புதுப்பிக்கும் அறிவிப்பு அவருக்குப் போய், ஒரு காலை இணையதளமும் மின்னஞ்சலும் சேர்ந்து நிற்கும். நிர்வாகி கணக்கு இரண்டு பேரிடம் இருக்க வேண்டும். எந்த சுவிட்ச் எந்த அலமாரியில் இருக்கிறது, காப்புப்பிரதி எங்கே எடுக்கப்படுகிறது, எந்த ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்பதை எழுதி வைக்க அவருக்கு வேலை நேரத்திலேயே நேரம் ஒதுக்கிக் கொடுங்கள். மாலையில் வீட்டில் உட்கார்ந்து எழுதச் சொல்லாதீர்கள்.

இரண்டாவது ஆளை வைக்கப் பணமில்லை என்றுதான் சொல்வார்கள். முழு ஆள் வேண்டியதில்லை. பல மாநிலங்களில் சின்ன டிஸ்ட்ரிக்டுகளுக்குச் சேவை செய்யவென்றே பொது அமைப்புகள் இருக்கின்றன. நியூயார்க்கில் அவற்றை போசஸ் என்பார்கள், பென்சில்வேனியாவில் இன்டர்மீடியட் யூனிட், அயோவாவில் ஏ.இ.ஏ., ஓஹாயோவில் இ.எஸ்.சி. உங்கள் மாநிலத்தில் என்ன பெயர் என்று சூப்பரின்டென்டென்டுக்குத் தெரிந்திருக்கும். நெட்வொர்க் நிபுணர் ஒருவரை நான்கைந்து டிஸ்ட்ரிக்டுகள் பகிர்ந்துகொள்வது, கருவிகளைச் சேர்ந்து வாங்கி விலையைக் குறைப்பது போன்றவை அவர்கள் வழியாக நடக்கும். பக்கத்து டிஸ்ட்ரிக்டின் டெக்னீஷியனும் உங்களவரும் மாதம் ஒரு முறை சந்தித்துப் பேசினாலே இரண்டு பேருக்கும் பெரிய பலம். தனியாக வேலை செய்பவருக்குத் தன் வேலையைப் புரிந்துகொள்ளும் ஒருவர் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்கள் தொழிலில் இருப்பவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆசிரியர்கள் இரண்டு அணியாகப் பிரிந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இதை அணிகளாகப் பார்க்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். எடுத்துவிடுங்கள் என்று சொல்பவர் பெரும்பாலும் இரண்டு முறை சூடுபட்டவர். பாடத்தை முழுக்கத் திரையை நம்பித் தயாரித்து வந்த நாளில் இணைப்பு போயிருக்கும்; எதிரே 25 பிள்ளைகள். அலுவலகத்தில் சர்வர் விழுந்தால் நீங்களும் நானும் காபி எடுத்துக்கொண்டு வந்து காத்திருக்கலாம். வகுப்பறையில் அந்த 40 நிமிடம் போனால் போனதுதான். கூடுதலாகக் கேட்பவருக்கும் நியாயமான காரணம் இருக்கும்: கட்டுரையின் வரைவிலேயே கருத்து எழுதித் திருத்த முடிகிறது, அறிவியல் செய்முறையில் சென்சார் வைத்து உடனே வரைபடம் பார்க்க முடிகிறது, ஆங்கிலம் புதிதாகக் கற்கும் குழந்தைக்கு வரியை வாசித்துக் காட்ட முடிகிறது.

இரு சாராரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இப்போது இருப்பதில் எதை எடுத்துவிட்டால் உங்கள் பாடம் பாதிக்கும்? என்ன வேண்டும் என்று கேட்டால் கண்காட்சியில் பார்த்ததெல்லாம் பட்டியலில் வரும். எதை இழக்க முடியாது என்று கேட்டால் உண்மையில் பயன்படுவது மட்டும் வரும். அந்தப் பதில்களை வகுப்பறையில் போய் உட்கார்ந்து சரிபாருங்கள். குழுவில் ஒவ்வொருவரும் மூன்று வகுப்பையாவது பின்வரிசையில் இருந்து பார்க்கட்டும். நீங்களும் போங்கள். உங்கள் தொழில் அறிவு நெட்வொர்க்கிலும் ஒப்பந்தத்திலும் கைகொடுக்கும். எட்டு வயதுப் பிள்ளைகள் 22 பேர் ஒரே நேரத்தில் லாகின் செய்வது எப்படி இருக்கும் என்பதை அங்கே போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

பயிற்சி விஷயத்தில் மெய்ன் மாநிலம் செய்ததை எப்போதும் உதாரணமாகச் சொல்வேன். 2002-ல் ஆளுநர் ஆங்கஸ் கிங் காலத்தில், ஏழாம் வகுப்பு மாணவர் அனைவருக்கும் லேப்டாப் தரும் திட்டத்தை அந்த மாநிலம் தொடங்கியது. மாணவர் கைக்குப் போவதற்கு முன்பே ஆசிரியர் கைக்குக் கருவி வந்தது. சாதாரணமாகத் தெரியும் இந்த வரிசையைத்தான் பெரும்பாலானோர் தலைகீழாகச் செய்கிறார்கள். ஆகஸ்டில் ஒரே நாளில் எல்லோரையும் அரங்கத்தில் உட்கார வைத்து நடத்தும் பயிற்சியால் எதுவும் ஒட்டாது. அதற்குப் பதிலாக, ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு ஆசிரியருக்குச் சிறு தொகை கொடுத்து, தினமும் ஒரு பீரியடை விடுவித்து, சக ஆசிரியர்களுக்கு உதவ வையுங்கள். பாதிக் கேள்விகள் டெக்னீஷியனிடம் போகாமலே தீரும். மத்தியக் கல்விச் சட்டத்தின் டைட்டில் டூ-ஏ என்ற பிரிவில் வரும் பணத்தை ஆசிரியர் பயிற்சிக்குப் பயன்படுத்தலாம். டைட்டில் ஃபோர்-ஏ பணத்திலும் தொழில்நுட்பத்துக்கு ஒதுக்கும் பகுதியில் 15 சதவீதத்துக்கு மேல் கருவி, மென்பொருள் போன்ற கட்டமைப்புக்குச் செலவிடக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. மீதி மனிதர்களுக்குப் போக வேண்டும். அந்த விதியை எழுதியவர்கள் நிலைமையைச் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன்.

இனி குரோம்புக் கணக்கு. எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் வாங்கியதால்தான் எல்லாம் ஒரே சமயத்தில் சாகின்றன. இதே தவறு மறுபடி நடக்காமல் இருக்க, வாங்குவதை ஆண்டுகளுக்குப் பிரித்துவிட வேண்டும். உங்கள் எண்ணிக்கையை வைத்தே பார்ப்போம். மழலையர் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை 13 வகுப்பு, ஒரு வகுப்புக்குச் சுமார் 42 பேர். ஒவ்வோர் ஆண்டும் ஐந்தாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் மட்டும் புதுக் கருவி. ஐந்தாம் வகுப்பில் வாங்கியதை அந்தப் பிள்ளை எட்டு முடியும் வரை வைத்திருக்கும், ஒன்பதில் வாங்கியதைப் பன்னிரண்டு முடியும் வரை. எட்டாம் வகுப்பு திருப்பித் தருவதில் நல்ல நிலையில் இருப்பவை மூன்று, நான்காம் வகுப்புகளுக்குப் போகும். அவை வகுப்பறை வண்டியிலேயே இருக்கட்டும், வீட்டுக்குப் போக வேண்டாம். பன்னிரண்டாம் வகுப்பு தருவது உதிரி பாகத்துக்கும் மாற்றுக் கருவிக்கும். மூன்றாம் வகுப்புக்குக் கீழே உள்ள சின்ன வகுப்புகளில் ஆளுக்கு ஒன்று தேவையே இல்லை என்பது என் கருத்து. வகுப்புக்கு ஐந்தாறு இருந்தால் போதும். பென்சில் பிடிக்கக் கற்கும் வயது அது.

இப்படிச் செய்தால் ஆண்டுக்கு 84 கருவி. கருவி, நிர்வாக உரிமம், உறை எல்லாம் சேர்த்து 350 டாலர் என்று வைத்துக்கொண்டால் 29,400 டாலர். மாற்றுக் கருவிக்கும் பழுதுக்கும் நூற்றுக்குப் பத்து சேருங்கள். 32,000 டாலருக்கு மேல் கொஞ்சம் வரும். ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ ஒரே தொகை என்பதால் பள்ளியின் வழக்கமான பட்ஜெட்டில், மானியத்தை நம்பாமல், இதற்கு ஒரு வரியை நிரந்தரமாகப் போட முடியும். முதல் ஆண்டில் மட்டும் இப்போதைய கருவிகளில் எவை தாங்கும் என்று பார்த்து ஏற்ற இறக்கம் செய்ய வேண்டியிருக்கும்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 2021-லிருந்து வெளியான குரோம்புக்குகளுக்கு பத்தாண்டு தானியங்கிப் புதுப்பிப்பு உண்டு என்று 2023 செப்டம்பரில் கூகுள் அறிவித்தது. அந்தப் பத்தாண்டு நீங்கள் வாங்கும் நாளிலிருந்து தொடங்காது. அந்த வகைக் கருவி முதலில் வெளியான நாளிலிருந்து தொடங்கும். மலிவாகக் கிடைக்கும் பழைய மாடலில் ஏற்கெனவே நான்கைந்து ஆண்டு கழிந்திருக்கலாம். ஒவ்வொரு மாடலுக்கும் முடியும் தேதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அலுவலகத்திலோ கணினி ஆய்வகத்திலோ விண்டோஸ் 10 ஓடும் கணினிகள் இருந்தால் அவற்றையும் கணக்கெடுங்கள். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு அதற்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. சம்பளப் பட்டியல் ஓடும் கணினி அதில் ஒன்றாக இருந்தால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதை மாற்றுங்கள்.

நெட்வொர்க்குக்கு மறுபடி ஈ-ரேட்டுக்கே வருகிறேன். உள்கட்டமைப்புக்கான பணம் ஐந்தாண்டுச் சுழற்சியில் ஒதுக்கப்படுகிறது; 2026 முதல் 2030 நிதியாண்டு வரை ஒரு சுழற்சி. ஒரு மாணவருக்குச் சுமார் 200 டாலர் என்பதால் உங்கள் டிஸ்ட்ரிக்டுக்கு ஒரு லட்சம் டாலருக்குச் சற்று மேலான வேலைக்குத் தள்ளுபடி கேட்கலாம். டிஸ்ட்ரிக்ட் முழுமைக்கும் சேர்த்த தொகை என்பதால் எந்தக் கட்டடத்துக்கு அதிகம் தேவையோ அங்கே கூடுதலாகச் செலவிடலாம். விண்ணப்பிக்கும் காலம் பெரும்பாலும் ஜனவரியில் தொடங்கி மார்ச்சில் முடியும். 28 நாள் காத்திருப்பையும் சேர்த்தால் படிவம் 470 குளிர்கால விடுமுறைக்கு முன்பே வெளியாகிவிட வேண்டும். திட்டத்தை வசந்த காலத்தில் போர்டு ஏற்கட்டும், பிறகு விண்ணப்பிக்கலாம் என்று இருந்தால் ஓராண்டு போய்விடும். நெட்வொர்க் பகுதியை மட்டும் தனியே முதலில் முடியுங்கள்.

முன்பெல்லாம் ஈ-ரேட் பெற அங்கீகரிக்கப்பட்ட தொழில்நுட்பத் திட்டம் கட்டாயமாக இருந்தது. 2014-ல் மத்தியத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. அலமாரியில் தூங்குவதற்காகவே எழுதப்பட்ட எத்தனையோ திட்டங்களை நான் படித்திருக்கிறேன், அந்த மாற்றத்தை வரவேற்றேன். உங்கள் திட்டம் யாருடைய படிவத்துக்காகவும் எழுதப்பட வேண்டியதில்லை. உங்கள் ஊர் படித்துப் புரிந்துகொண்டால் போதும். இணைய வேகத்துக்கு அளவுகோல் வேண்டுமென்றால், ஆயிரம் பேருக்கு ஒரு கிகாபிட் என்று அதே ஆண்டு எஃப்.சி.சி. வைத்த நீண்டகால இலக்கைப் பிடித்துக்கொள்ளலாம். 600-க்கும் குறைவான மாணவர் உள்ள கிராமப்புற டிஸ்ட்ரிக்டுகளுக்கென ரீப் என்ற மத்திய உதவியும் இருக்கிறது. உங்களுக்குப் பொருந்துமா என்று கணக்கு அலுவலரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மென்பொருள் பட்டியலைப் பார்த்தால் உங்களுக்கு அதிர்ச்சியாக இருக்கும். கோவிட் காலத்தில் ஆளுக்கொரு ஆப் சேர்த்தார்கள், யாரும் எதையும் எடுக்கவில்லை. ஒரே வேலையைச் செய்யும் மூன்று ஆப்களுக்குப் பணம் போய்க்கொண்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் யார் பயன்படுத்துகிறார், எவ்வளவு செலவு, ஒப்பந்தம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளுமா, மாணவரின் எந்தத் தகவல் வெளியே போகிறது என்று எழுதுங்கள். இந்தக் கடைசிக் கேள்விதான் எனக்கு மிக முக்கியம்.

2024 டிசம்பரில் பவர்ஸ்கூல் என்ற மாணவர் பதிவேட்டு மென்பொருளின் உதவித் தளத்துக்குள், திருடிய ஒரு பாஸ்வேர்டைக் கொண்டு இணையத் திருடர்கள் நுழைந்தார்கள். பல டிஸ்ட்ரிக்டுகளில் எப்போதோ படித்து முடித்துப் போனவர்களின் விவரங்களும் சேர்ந்து போயின. அந்தப் பதிவுகள் அங்கே இருந்திருக்க வேண்டிய தேவையே இல்லாதவர்களும் பாதிக்கப்பட்டார்கள். உங்கள் டிஸ்ட்ரிக்டில் எந்தத் தகவலை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று மாநில விதி சொல்லும். அதற்கு மேல் இருப்பதை அழியுங்கள். வைத்திராத தகவலை யாராலும் திருட முடியாது. பணியாளர் எல்லோருக்கும், சூப்பரின்டென்டென்ட் உட்பட, பாஸ்வேர்டோடு இன்னொரு சான்றும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்குங்கள். காப்புப்பிரதியில் ஒன்று நெட்வொர்க்கோடு இணையாமல் தனியே இருக்கட்டும். அதிலிருந்து ஒரு கோப்பையாவது மீட்டெடுத்துப் பார்க்கும் வேலையை ஆண்டுக்கு இரண்டு முறை செய்யுங்கள்.

சட்டங்களில் மூன்று உங்களைத் தொடும். மாணவர் பதிவுகளைக் காக்கும் 1974-ஆம் ஆண்டின் ஃபெர்பா, 13 வயதுக்குட்பட்டவர்களின் இணையத் தகவலைக் காக்கும் 1998-ஆம் ஆண்டின் கோப்பா, ஈ-ரேட் வாங்கும் பள்ளிகள் வடிகட்டியும் பாதுகாப்புக் கொள்கையும் வைத்திருக்க வேண்டும் என்னும் 2000-ஆம் ஆண்டின் சிப்பா. கடைசிச் சட்டப்படி அந்தக் கொள்கையைப் பொதுக்கூட்டம் வைத்து விவாதித்திருக்க வேண்டும். அந்தக் கூட்டக் குறிப்பு கோப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு நிறுவனத்தோடும் தனித்தனியாகத் தனியுரிமை ஒப்பந்தம் பேச உங்களிடம் வழக்கறிஞர் படை கிடையாது, தேவையும் இல்லை. மாணவர் தகவல் தனியுரிமைக் கூட்டமைப்பு ஒரு பொது ஒப்பந்தத்தை உருவாக்கியிருக்கிறது. ஒரு பெரிய டிஸ்ட்ரிக்ட் ஒரு நிறுவனத்தோடு அதில் கையெழுத்திட்டு, நிறுவனமும் இசைந்திருந்தால், அந்த ஒப்பந்தத்தின் பின்னிணைப்பு ஈ-யில் கையெழுத்துப் போட்டு அதே நிபந்தனைகளை நீங்களும் பெறலாம். சின்ன டிஸ்ட்ரிக்டுகளுக்குக் கிடைத்த அருமையான வழி இது.

செயற்கை நுண்ணறிவு பற்றிக் குழுவில் யாராவது தனிக் கொள்கை கேட்பார்கள். இப்போதைக்கு ஒரு பக்கம் போதும். ஒப்புதல் பெறாத எந்தக் கருவியிலும் மாணவரின் பெயரையோ மதிப்பெண்ணையோ இடக் கூடாது. எந்த வேலைக்கு அனுமதி, எதற்கு இல்லை என்று ஒவ்வொரு ஆசிரியரும் பாடத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை அந்தப் பக்கத்தைத் திருத்துங்கள்.

வீட்டில் இணையம் இல்லாத பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள். குறைந்த வருமானக் குடும்பங்களின் இணையக் கட்டணத்துக்கு உதவிய மத்தியத் திட்டம் 2024 ஜூனில் முடிந்துபோனது. மாணவர் வீட்டுக்குக் கொண்டுபோகும் ஹாட்ஸ்பாட்டுக்கு ஈ-ரேட் தரலாம் என்ற முடிவையும் எஃப்.சி.சி. 2025-ல் திரும்பப் பெற்றுவிட்டது. இணைப்பு இல்லாமலும் செய்து முடிக்கக்கூடிய வீட்டுப்பாடம் மட்டுமே தரப்படும் என்ற ஒரு வரி உங்கள் திட்டத்தில் இருக்க வேண்டும். அதைப் போலவே, கருவிகளைக் குறைக்கும் எந்த முடிவும் சிறப்புக் கல்வித் திட்டத்தில் இருக்கும் குழந்தைக்குப் பொருந்தாது. அந்தக் குழந்தைக்கான தனிக் கல்வித் திட்டத்தை (ஐ.இ.பி.) எழுதும் குழு உதவிக் கருவி தேவையா என்று ஆராய்ந்தே ஆக வேண்டும் என்பது மத்தியச் சட்டம். சிலருக்கு அந்தத் திரைதான் பேச்சு. அதனால்தான் சிறப்புக் கல்வி ஆசிரியர் ஒருவர் உங்கள் குழுவில் கட்டாயம் இருக்க வேண்டும் என்கிறேன். கணக்கு அலுவலரும், நூலகரும், ஓர் உயர்நிலைப்பள்ளி மாணவரும், வீட்டில் இணைய வசதி இல்லாத ஒரு பெற்றோரும் இருக்கட்டும். கட்டடப் பராமரிப்பாளரையும் கூப்பிடுங்கள். சுவிட்ச் இருக்கும் அறை கோடையில் எவ்வளவு சூடாகிறது, எந்தச் சுவரில் துளை போட முடியாது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

போர்டு முன் வைக்கும் ஆவணம் பத்துப் பக்கத்தைத் தாண்ட வேண்டாம். பிள்ளைகள் எதைக் கற்க இந்தக் கருவிகள் உதவ வேண்டும் என்பது ஒரு பக்கம். இருப்பது என்ன, எதை நிறுத்துகிறோம் என்பது அடுத்தது. பிறகு ஐந்தாண்டுச் செலவு, ஆண்டுவாரியாக, எந்தப் பணம் எங்கிருந்து வருகிறது, வராவிட்டால் எதை விடுவோம் என்ற குறிப்போடு. கடைசியாக ஒவ்வொரு பொறுப்புக்கும் ஒரு பெயர். நிறுத்தும் பட்டியல் காலியாக இருந்தால் திட்டம் இன்னும் முடியவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக எதைச் சேர்த்தாலும் அதைப் பராமரிக்க வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஆகும், அந்த நேரம் எங்கிருந்து வரும் என்ற இரண்டு வரி அதன் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று போர்டு ஒரு விதியாகவே நிறைவேற்றினால் இன்னும் நல்லது.

இந்த வாரம் அந்த நிறுவனத்துக்குக் கடிதம், டெக்னீஷியனோடு ஒரு பேச்சு, இணையதளப் பெயர் யாரிடம் இருக்கிறது என்ற விசாரணை. அடுத்த வாரம் கணக்கு அலுவலரிடம் இரண்டு விவரம் கேளுங்கள்: உங்கள் ஈ-ரேட் தள்ளுபடி எத்தனை சதவீதம், போன சுழற்சியில் எவ்வளவு பயன்படுத்தினார்கள். அந்த இரண்டு எண்ணும் டெக்னீஷியனின் நான்கு வாரக் குறிப்பும் கைக்கு வந்ததும் மறுபடி எழுதுங்கள். நெட்வொர்க் பகுதிக்குத் தேவைப் பட்டியலை எப்படி எழுதுவது என்று அப்போது விரிவாகச் சொல்கிறேன்.